சார்ஜ் ஏறாத காலை

பதினான்கு. இப்போதுதான் பதினைந்து என்று பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பதினான்கு. வயர் செருகித்தான் இருக்கிறது. சுவிட்ச் போட்டிருக்கிறது. கருப்புக் கட்டி மாதிரித் தரையில் கிடக்கிற அடாப்டரில் பச்சை விளக்குகூட எரிகிறது. திரையின் மூலையில் இருக்கிற பேட்டரிப் படத்துக்குள் வர வேண்டிய மின்னல் குறி மட்டும் வரவில்லை. மணி பத்தே கால். பதினோரு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஹெலன் மேடம் வீடியோவில் கூப்பிடுவார். இன்னும் முக்கால் மணி நேரம். சும்மா திறந்து வைத்தாலே நான்கைந்து நிமிஷத்துக்கு ஒன்று குறைகிறது, பேச ஆரம்பித்தால் இன்னும் வேகமாகக் குடிக்கும். அணைத்து வைக்கலாம் என்றால் இந்தப் பழைய லேப்டாப்புக்குத் தூங்கி எழுந்திருக்கவே இரண்டோ மூன்றோ சதவீதம் வேண்டும். நான் பேசுவதெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் புற்று என்று குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை வைத்தார்கள், மூச்சு அது வழியாகத்தான் போகிறது, வருகிறது, வாயும் மூக்கும் வெறும் வாசல்கள், ஆள் நடமாட்டம் இல்லாதவை. வயிற்றுக் காற்றை ஏப்பம் மாதிரி மேலே கொண்டுவந்து பேச ஹெலன் மேடம் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்தார், எனக்கு வரவில்லை. கழுத்தில் அழுத்தினால் ரீங்கரிக்கிற கருவி ஒன்று உண்டு, புற்றுக்கு ரேடியேஷன் கரண்ட் வைத்ததில் தோல் மரத்துத் தடித்துப்போனதால் அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஓசூரில் வேலை பார்க்கிற என் மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, நான் தட்டியதை வாசிக்கும்படி செய்து கொடுத்துவிட்டுப் போனாள். வாசிப்பது ஒரு பெண் குரல். படித்த பெண். அவளுக்கு ழகரம் என்னைவிட நன்றாக வரும். இருபத்தாறு வருஷம் திண்டுக்கல் பழனி வண்டியில் கண்டக்டராக இருந்து, ‘பின்னாடி வாங்க, உள்ள ஏறுங்க, படியில நிக்காதீங்க’ என்று கத்திய வையாபுரி இப்போது செய்தி வாசிக்கிற பெண் மாதிரிப் பேசுகிறேன். முதல் நாள் மளிகைக் கடையில் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. அதற்கும் நான் நன்றியோடுதான் இருக்க வேண்டும்.

பதின்மூன்று. அறையை மாற்றிப் பார்த்தேன். சமையலறையில் மிக்சி போடுகிற பிளக்கில் செருகினேன், மிக்சி ஓடுகிறது, இது ஏறவில்லை. அப்படியென்றால் சுவரில் குற்றம் இல்லை. என் மனைவி தவமணி இட்லிச் சட்டியை ஓரமாக நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் கேட்காமல் இருப்பது எப்படி என்று அவள் கற்றுக்கொண்டாள், நான் எதையும் சொல்லாமல் இருப்பதற்குக் கற்றுக்கொண்டதைவிட வேகமாக. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பர்வீனுக்குச் செய்தி போட்டேன். நான் எழுத்தில் அனுப்புவேன், பர்வீன் தன் குரலைப் பதிந்து பதில் அனுப்பும், எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. “சார், பயப்படாதீங்க. பின் போற ஓட்டைக்குள்ள தூசி அடைஞ்சிருக்கும். சுவிட்ச ஆஃப் பண்ணி வயரக் கழட்டிட்டு, நல்லா ஒரு தடவ ஊதிப் பாருங்க.” கழற்றினேன். லேப்டாப்பைத் தூக்கி அந்தச் சின்ன ஓட்டையை வாய்க்கு நேராக வைத்து, கன்னத்தை உப்ப வைத்து, ஊதினேன். ஊதியதாக நினைத்துக்கொண்டேன். உதடு குவிந்தது, ஒன்றும் வரவில்லை, கழுத்தில் கட்டியிருந்த துணிதான் படபடத்தது. மூன்று வருஷம் ஆகியும் மறந்துபோகிறது. சூடான டீயைக் கையில் வாங்கினால் இன்றும் உதடு தானாகக் குவிகிறது. விசில் அடித்த வாய். டிரைவர் சுந்தரமகாலிங்கம் கண்ணாடியில்கூடப் பார்க்கமாட்டான், என் விசில் போதும் அவனுக்கு, ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. அந்தக் காற்று எங்கே போனது என்று உதடு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது போல. தவமணி மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள், லேப்டாப்பை என்னிடமிருந்து வாங்கினாள், பலமாக மூன்று தடவை ஊதினாள், ஒரு தூசி பறந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள். யாரோ குழந்தையின் கண்ணில் விழுந்ததை ஊதிவிடுகிற மாதிரி. செருகினேன். மின்னல் வரவில்லை. பன்னிரண்டு.

நாச்சிமுத்து இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். பையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஹெலன் மேடம் நேற்று அனுப்பிய செய்தியில் அதைத்தான் எழுதியிருந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர், வயது ஐம்பத்திரண்டு, எனக்கு வந்த அதே இடத்தில் அதே புற்று, இரண்டு தடவை ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கி இரண்டு தடவையும் எழுந்து போய்விட்டார், நாளைக்கு மூன்றாவது தேதி, கையெழுத்துப் போடமாட்டேன், இன்று மத்தியானம் ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறார். ‘குரல் போனா நான் யாரு மேடம்’ என்று கேட்டாராம். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் ஆப்பரேஷன் செய்தும் பயனிருக்காது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். ‘நீங்க ஒரு தடவ பேசுனா கேப்பாருன்னு தோணுது’ என்று முடித்திருந்தார். நான் பேசினால். யாரைப் பார்த்து யார் என்ன கேட்கிறார்கள். ஆனாலும் அந்த வரியை நான்கு தடவை படித்தேன், மனசுக்குள் ஏதோ நிமிர்ந்தது. நேற்றுச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தட்டினேன், நான்கு பக்கம். பயத்தைப் பற்றி ஒரு பக்கம், ஆஸ்பத்திரியைப் பற்றி, வீட்டுக்கு வந்த பிறகு, கடைசியில் தைரியம். பதினோரு மணிக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தப் பெண் குரல் அத்தனையையும் பிசகில்லாமல் வாசிக்கும். இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது. எனக்கு ஆப்பரேஷன் என்று தேதி சொன்னபோது என்னிடம் யாராவது நான்கு பக்கம் வாசித்திருந்தால் நான் கேட்டிருப்பேனா. எனக்கு யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் காலையில் இருந்தார், சாயங்காலம் அந்தக் கட்டிலில் வேறு போர்வை இருந்தது. என்னைப் பிழைக்க வைத்தது என்னவென்று கேட்டால் டாக்டரின் கை என்பேன், அது சரிதான். அதற்குப் பிறகு என்ன என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நான்கு பக்கத்திலும் அது இல்லை.

மறுபடி பர்வீன். “சார், அது பழைய மாடல், பேட்டரி தனியா கழண்டு வரும். ஆஃப் பண்ணிட்டு, திருப்பிப் போட்டு ரெண்டு தாழையும் தள்ளுங்க. பேட்டரி இல்லாம பவர் பட்டனை முப்பது எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. அப்புறம் வயரை மட்டும் போட்டு ஆன் பண்ணிப் பாருங்க.” அணைத்தால் இரண்டு மூன்று போகுமே. போனால் போகட்டும், வேறு வழியில்லை. அணைத்தேன். தாழைத் தள்ளினேன், பேட்டரி கையில் வந்தது, இவ்வளவு கனமா, இளஞ்சூடாக இருந்தது, உயிருள்ளது போல. விரலால் பட்டனை அமுக்கிக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு. எண்ணுவது மட்டும் குரல் இல்லாதபோதும் குரலோடுதான் நடக்கிறது, உள்ளே என் பழைய குரலே எண்ணுகிறது, கொஞ்சம் கரகரப்பு, வண்டியில் தலை எண்ணுகிற அதே வேகம். ஒன்பது, பத்து. மயக்கம் கொடுக்கும்போதும் இப்படித்தான் எண்ணச் சொன்னார்கள், ஏழோடு நின்றுவிட்டது, எட்டு எங்கே போனது என்று கண் விழித்ததும் தேடினேன், வாயைத் திறந்தேன், எட்டு வரவில்லை. பதினைந்து, பதினாறு. இந்த வெள்ளிக்கிழமை எனக்கும் செக்கப் இருக்கிறது. கழுத்தின் இடது பக்கம் நான்கு நாளாக ஏதோ நெருடுகிறது, குளிக்கும்போது விரல் அங்கேயே போகிறது, தவமணியிடம் சொல்லவில்லை, சொல்லாததை அவள் கண்டுபிடித்துவிட்டாளா என்றும் தெரியவில்லை, நேற்று என் சட்டைக் காலரைச் சரி செய்கிற சாக்கில் அவள் விரலும் அங்கே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. எத்தனை எண்ணினேன். விட்டுப்போய்விட்டது. இருபத்திரண்டு என்று வைத்துக்கொண்டேன். முப்பது. வயரை மட்டும் செருகி ஆன் செய்தேன். உயிர் வரவில்லை. பேட்டரியைத் திரும்ப மாட்டினேன், எழுந்தது, ஒன்பது. நடந்ததைப் பர்வீனுக்கு எழுதினேன். “அப்ப பேட்டரி மேல தப்பில்ல சார். பின் போய் உக்கார்ற இடம் உள்ள விட்டுப்போச்சு. கரண்ட் வருது, உள்ள போக மாட்டேங்குது. கடைக்குக் கொண்டு வந்தாத்தான் ஆகும். இப்போதைக்கு வயர மெதுவா அசைச்சு, எந்தப் பக்கம் சாய்ச்சா ஏறுதுன்னு பாத்து அப்படியே பிடிச்சுக்கங்க.”

அசைத்தேன். மேலே, கீழே, இடது பக்கம், கொஞ்சம் இடதும் மேலும். மின்னல் வந்தது. மூச்சை நிறுத்திக்கொண்டேன், எனக்கு மூச்சை நிறுத்துவது என்றால் கழுத்துத் துணி அசையாமல் இருப்பது. விரல் கொஞ்சம் நழுவியது, மின்னல் போனது. மறுபடி அதே இடத்தைத் தேடினேன், வந்தது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன், போனது. அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன், நின்றது. ஒன்பது பத்தானது. ஒரு எண் ஏறியதற்கு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்கமாட்டேன். வாயால் முதல் கரண்டி கஞ்சி குடித்த நாள் ஞாபகம் வந்தது, மூக்குக் குழாயை எடுத்த மூன்றாம் நாள், தவமணி கரண்டியை நீட்டினாள், நான் விழுங்கினேன், அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கஞ்சி இறங்குவது வெளியிலிருந்து தெரியும் என்பது போல. இறங்கியது. ‘இறங்கிருச்சு’ என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் போய்ச் சொன்னாள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க அவள் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. முதலில் எல்லாம் குழப்பம். படி என்றால் மடி என்பாள், பாட்டு என்றால் மாட்டு என்பாள், உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடுகிறதாம், நான் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று தானே ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதற்கு என்ன சொல்வது. தட்டச்சு செய்து அந்தப் பெண் குரலில் சொன்னால் யாரோ மூன்றாவது ஆள் நன்றி சொன்ன மாதிரி இருக்கும். அப்படியே தள்ளித் தள்ளி மூன்று வருஷம். எட்டு. என்னது, எட்டா. மின்னல் எப்போது போனது. அட்டை நழுவிக் கிடந்தது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

கூப்பிட்டார்கள். திரையில் ஹெலன் மேடம், அவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரத்தில் ஸ்டூலில் அகலமான தோள்களோடு ஒருவர், கழுத்தில் துண்டு, காலுக்குப் பக்கத்தில் கட்டி முடித்த பை. அவருக்கு அருகில் நின்ற பெண் அவர் மனைவி மயிலாத்தாள் என்று மேடம் சொன்னார். “நாச்சிமுத்து அண்ணே, இவர்தான் வையாபுரி சார், பஸ் கண்டக்டரா இருந்தவர்.” அவர் பார்த்தார், வணக்கம் சொல்லவில்லை. நான் பொத்தானை அமுக்கினேன். “வணக்கம். என் பெயர் வையாபுரி. மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் உங்கள் இடத்தில் இருந்தேன்” என்று அந்தப் பெண் குரல் தெளிவாக ஆரம்பித்தது. நாச்சிமுத்துவின் முகம் மாறியது. தேய்ந்துபோன, காற்று ஒழுகுகிற குரலில் தன் மனைவியிடம் சொன்னார், “இதான் நாளைக்கு என் பேச்சா? பொம்பளப் பிள்ள பேசுது.” மேடம் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் திரை கருப்பானது. எட்டு இருந்ததே. எட்டிலிருந்து ஏழு வரவேண்டும், ஆறு வரவேண்டும், இப்படி ஒரேயடியாகப் போகக்கூடாது. பட்டனை அமுக்கினேன், வயரை அசைத்தேன், மேலே, இடது பக்கம், தட்டினேன். கருப்பில் என் முகம் தெரிந்தது. நான்கு பக்கமும் உள்ளே. போய்விட்டார், பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார், நான் பேசியதால்தான் போனார், பேசாமல் இருந்திருந்தால் யோசித்திருப்பாரோ என்னவோ.

தவமணியின் போன் அடித்தது. ஹெலன் மேடம்தான். அவள் வீடியோவை எடுத்து, அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “லேப்டாப்புல சார்ஜ் ஏறலைங்க மேடம். அவர் சொல்லட்டும், நான் எடுத்துச் சொல்றேன்.” என் பக்கம் திரும்பி உதட்டைப் பார்த்தாள். சொல்லுங்க என்றாள். எதைச் சொல்வது, நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. உதட்டை அசைத்தேன். “போகாதீங்கன்னு சொல்றார்” என்றாள். மறுபடி அசைத்தேன். “மன்னிச்சுக்கங்க, பொம்பளக் குரல் மட்டும்தான் தமிழ்ல கிடைச்சுதாம்.” மயிலாத்தாள் வாயை மூடிக்கொண்டு சிரித்தது தெரிந்தது. நாச்சிமுத்து தலையைச் சாய்த்து போனுக்குக் கிட்டத்தில் வந்தார். “கண்டக்டரே, பயமா இல்லையா உங்களுக்கு?” இருந்தது, இன்றும் இருக்கிறது என்றேன். அவள் சொன்னாள். செக்கப்புக்கு முந்தின வாரம் சோறு இறங்காது என்றேன். அதையும் சொன்னாள். இந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பார்க்கிறார்கள், இடது பக்கம் ஏதோ நெருடுகிறது என்று உதடு தானாகச் சொல்லிவிட்டது. “கழுத்துல நெருடுதாம், அதுவும் பயமா இருக்காம்” என்று அதே குரலில் சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் என் முழங்காலில் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

பிறகு அவள் என்னைப் பார்க்காமலேயே பேச ஆரம்பித்தாள். “அண்ணே, அவர் சொன்னதச் சொல்லிட்டேன். இப்ப நான் ஒண்ணு சொல்றேன். ஆப்பரேஷன் அன்னைக்கு இவர ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறாங்க. இனிமே இந்தக் குரல் கிடையாது, கடைசியா ஏதாவது சொல்லுவாருன்னு கூடவே ஓடுறேன். என்ன சொன்னாரு தெரியுமா? ‘என் செருப்பு வெளிய கிடக்கு, எடுத்து உள்ள வை, எவனாவது மாட்டிட்டுப் போயிருவான்.’ அம்புட்டுதான். கதவ மூடிட்டாங்க.” எனக்குக் காது சுட்டது. மூன்று வருஷமாக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை அது. எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், நல்லதாக நான்கு வார்த்தை, கதவு வந்ததும் செருப்புதான் வந்தது. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். “முதல்ல ஆத்திரமா வந்துச்சு. இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்குச் செருப்புதானான்னு. அப்புறம் அந்தச் செருப்ப எடுத்துப் பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒன்பது மணி நேரம். உக்காந்திருக்கும்போதுதான் தோணுச்சு. திரும்பி நடந்து வீட்டுக்குப் போறவங்களுக்குத்தானே செருப்பு வேணும். இந்த மனுசன் போய்ட்டு வர்றதாத்தான் நினைச்சிருக்காரு. நான்தான் வழியனுப்ப ஓடியிருக்கேன். அந்த ஒரு பேச்சப் பிடிச்சுக்கிட்டுத்தாண்ணே அன்னைக்கு இருந்தேன். இன்னைக்கு வரைக்கும் அதான்.” நான் அவள் முகத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திருடு போகாமல் இருக்கச் சொன்னதை இவள் எங்கே வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

அந்தப் பக்கம் ஏதோ வண்டி தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. மயிலாத்தாள் மெதுவாகக் கேட்டாள், “அக்கா, வீடு அமைதியாப் போயிருமே, எப்படி இருக்கீங்க?” “பொய் சொல்லமாட்டேன், முதல் ஆறு மாசம் தாங்க முடியல. நாள் பூரா ரேடியோ போட்டு வச்சிருந்தேன். இப்ப பழகிருச்சு. பழகுறதுக்கு ஆள் இருக்காருல்ல.” நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். “சண்டையெல்லாம் எப்படி?” “போடுவாரு. கையி, கண்ணு எல்லாத்தாலயும் போடுவாரு. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன், அவரு யார்கிட்ட போடுவாரு?” அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்பில் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும், கழுத்துத் துணி பறக்கும். அவர் அதை உற்றுப் பார்த்தார். சத்தமில்லாத சிரிப்பை அவர் இதுவரை பார்த்திருக்கமாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். கீழே குனிந்து எதையோ தேடினார். பிறகு அந்த ஒழுகுகிற குரலில் சொன்னார், “மயிலா, என் செருப்பு எங்க கிடக்குது?” “வார்டு வாசல்ல கிடக்குதுங்க.” “எடுத்து உன் பையில வையி.” அந்த அம்மாள் திரையை விட்டு வெளியே போனாள். ஹெலன் மேடம் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார், கையெழுத்துப் போடுற பேப்பரை எடுத்துட்டு வரேன், அப்புறம் கூப்பிடுறேன் என்றார், அவர் கண்ணாடியில் ஈரம் இருந்தது.

போன் அணைந்தது. தவமணி எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டாள், “வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே போய்க் காட்டிட்டு வந்துருவோம்” என்றாள், நெருடலை ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. போகிற வழியில் லேப்டாப்பைப் பர்வீன் கடையில் கொடுத்துவிடலாம் என்றாள். அடுப்பைப் பார்க்கப் போனாள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை, இடது பக்கம் அது இருக்கிறது, விரல் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. ஆனால் இப்போது அதைச் சுமக்க இரண்டு பேர். எழுந்து போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பினேன். கரண்டியோடு திரும்பினாள், என்ன என்று என் உதட்டைப் பார்த்தாள். சொன்னேன். மூன்று வருஷமாக எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல் இருந்ததைக் குரல் இல்லாமலே சொன்னேன், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. அவள் கண் அசையவில்லை. “சரியாப் புரியல, இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை சொன்னேன்.